காந்தச் சுழிகள் கணினிக்குள் வருமா?

கேள்வி: காந்த ஸ்கிர்மியான் என்பது ஒரு துகளா, காந்தத்தின் ஒரு நிலையா? வருங்காலக் கணினிகள் இதைக் கொண்டே இயங்கும் என்று சொல்லப்படுவதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: எலெக்ட்ரானைப் போலத் தனியே பிரித்தெடுக்கக்கூடிய துகள் அன்று அது. காந்தப் பொருளிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். சாதாரணமாக அவை எல்லாம் ஒரே திசை நோக்கி நிற்கும். சில பொருள்களில் மட்டும் நடுவிலுள்ள அணுக்காந்தம் கீழ்நோக்க, அதைச் சுற்றியிருப்பவை படிப்படியாகத் திரும்பி, விளிம்பில் மேல்நோக்கி நிற்கும் ஒரு சுழி உருவாகிறது. சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை அகலமுள்ள இச்சுழி, உருக்குலையாமல் இடம்விட்டு இடம் நகர்வதால்தான் இயற்பியலாளர்கள் அதைத் துகள்போல் நடத்துகிறார்கள்.

இச்சுழி பிறப்பது இரண்டு விசைகளின் போட்டியால். அண்டை அணுக்காந்தங்களை இணையாக நிறுத்த முயலும் விசை ஒன்று. அவற்றைச் சற்றே சாய்த்து நிறுத்த முயலும் ஜியலோஷின்ஸ்கி-மோரியா இடைவினை மற்றொன்று. மாங்கனீசு சிலிசைடு போன்ற சமச்சீர் குறைந்த படிகங்களிலும், பிளாட்டினத்தின் மேல் கோபால்ட் படிந்த மெல்லிய அடுக்குகளிலும் இரண்டாவது வலுவாக இருப்பதால் முறுக்கு பிறக்கிறது. அந்த முறுக்கு தலைச்சுழியைப் போன்றது. எப்படி வாரினாலும் திசைதான் மாறுமே தவிர, சுழி மறையாது. இந்த உறுதி முழுமையானது என்று சிலர் எழுதுவது மிகை. பொருள் அணுக்களால் ஆனது என்பதால், போதிய வெப்பம் ஸ்கிர்மியானை அழித்துவிடும்.

இயற்பியலாளர் டோனி ஸ்கிர்ம் 1960களின் தொடக்கத்தில் அணுக்கருத் துகள்களுக்காக உருவாக்கிய கணிதத்தில் இதன் வேர் இருக்கிறது. காந்தங்களிலும் இத்தகைய சுழிகள் தோன்றலாம் என்று 1989இல் பொக்டானோவும் யாப்லோன்ஸ்கியும் கணித்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2009இல், மியூனிக் ஆய்வாளர்கள் நியூட்ரான்களைப் பாய்ச்சி, அவை சிதறும் விதத்தை அளந்து, மாங்கனீசு சிலிசைடில் அவற்றைக் கண்டபோது அப்படிகம் ஏறத்தாழ மைனஸ் 245 டிகிரி செல்சியஸில் இருந்தது. அறைவெப்பத்தில் நிலைக்கும் ஸ்கிர்மியான்கள் மெல்லிய உலோக அடுக்குகளில் கிடைத்தது 2015, 2016 ஆண்டுகளில்தான். கணினிப் பொறியாளர்களின் ஆர்வம் பெருகியதும் அதன் பிறகே.

கேள்வி: வன்தட்டும் ஃபிளாஷ் நினைவகமும் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: வன்தட்டில் தகவலைப் படிக்கத் தட்டையே சுழற்ற வேண்டும். அதற்குப் பதில், காந்தக் கம்பி ஒன்றில் தகவலை மட்டும் மின்னோட்டத்தால் நகர்த்தும் ‘ரேஸ்டிராக்’ நினைவகத்தை இயற்பியலாளர் ஸ்டூவர்ட் பார்க்கின் முன்வைத்தார். அக்கம்பியில் ஸ்கிர்மியான் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று கொள்ளலாம் என 2013இல் இயற்பியலாளர் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் சகாக்களும் எழுதினர். மாங்கனீசு சிலிசைடில் ஸ்கிர்மியான்களை அசைக்க, வழக்கமான காந்தச் சுவர்களை (வெவ்வேறு திசையில் காந்தமேறிய பகுதிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளை) நகர்த்தத் தேவைப்படும் மின்னோட்ட அடர்த்தியில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கே போதும் என்று 2010இல் தெரியவந்தது இந்த நம்பிக்கைக்கு உரமிட்டது. ஆனால் அது மெல்ல அசையத் தொடங்குவதற்கான அளவு. வேகமாக ஓட வைக்கக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும்.

பெரிய இடையூறு வேறு. ஸ்கிர்மியானுக்கு உறுதி தரும் அதே முறுக்கு, அதை நேரே செல்லவிடாமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. கம்பியின் விளிம்பில் மோதினால் தகவல் அழிந்துபோகலாம். எதிரெதிர் திசையில் காந்தமேறிய இரு அடுக்குகளைப் பிணைத்தால் இவ்விலகல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அத்தகைய அமைப்பில் நொடிக்கு 900 மீட்டர் வேகம் வரை எட்டியதாக 2024இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. எனினும், பொருளிலுள்ள குறைகளில் ஸ்கிர்மியான்கள் சிக்கிக்கொள்வதும், அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் மாறி, 0 எது என்பதே குழம்புவதும் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆகவே, இது வன்தட்டை விரைவில் வெளியேற்றும் என நான் கருதவில்லை.

கேள்வி: மூளையைப் போன்ற கணினிக்கும் இது உதவுமாமே?

பதில்: எனக்கு நம்பிக்கை அதிகம் உள்ள துறை அதுதான். நரம்பிணைப்பின் வலிமை சிறிது சிறிதாகக் கூடிக் குறைவதுபோல, ஒரு சிறு பரப்பிலுள்ள ஸ்கிர்மியான்களின் எண்ணிக்கையை மின்துடிப்புகளால் கூட்டிக் குறைத்து, மின்தடையையும் படிப்படியாக மாற்றலாம். 2020இல் இது செய்து காட்டப்பட்டது. வெப்பத்தால் அவை தாறுமாறாக அலைவது நினைவகத்துக்குக் கேடு. நிகழ்தகவைக் கொண்டு கணக்கிடும் கருவிக்கோ அந்த அலைவே செலவில்லாமல் கிடைக்கும் மூலப்பொருள். ஆயினும் எழுதுதல், நகர்த்துதல், படித்தல், அழித்தல் ஆகிய நான்கும் ஒரே சில்லில், மின்சாரத்தால் மட்டுமே, கோடிக்கணக்கான முறை பிழையின்றி நடந்தால்தான் ஆய்வகத்துக்கு வெளியே இதற்கு இடம் கிடைக்கும்.