மொட்டை மாடி ஆய்வு மையம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நகரத்துக்குள் வேளாண் ஆய்வு மையம் நடத்துகிறவர்களும் தொடங்க நினைக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். நகரத்துக்குள் வேளாண் ஆய்வு என்பதே புதுமோகம் என்று ஒரு வாசகர் சலித்துக்கொண்டிருக்கிறார். அப்படியில்லை. நம் மாநிலத்தின் முதல் வேளாண் பள்ளி 1868-ல் தொடங்கியதே சென்னை சைதாப்பேட்டையில்தான். 1906-ல்தான் அது கோவைக்குப் போனது. அதுவே பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் 300 வளர்ப்புப் பைகளோடு ஆய்வு மையம் அமைக்கப் போகிறோம். கட்டடம் 40 வருடப் பழையது. எடை தாங்குமா?
வாசகி, மதுரை

விதை வாங்கும் முன்பே கேட்டது நல்லது. 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை 22 லிட்டர் கொள்ளும். அதில் செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பி நீர் பாய்ச்சினால் ஒரு பை 27 கிலோ வரை கனக்கும். சதுர மீட்டருக்கு நான்கு பை வைத்தால் கிட்டத்தட்ட 110 கிலோ. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் மட்டும் என்றால் அதே நான்கு பைகள் 70 கிலோவுக்குள் நிற்கும்.

இந்திய தர நிர்ணயப்படி ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோவும், நடமாட்டம் இல்லாத கூரைக்கு 75 கிலோவும் கணக்கில் எடுத்துத்தான் கட்டடத்தை வடிவமைப்பார்கள். உங்கள் கூரை எந்தக் கணக்கில் கட்டப்பட்டது என்பதைப் பழைய வரைபடம் சொல்லும், அல்லது கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்வார். பழைய கட்டடங்களில் ஒழுகலுக்காகத் தட்டோட்டின் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். அந்த எடை ஏற்கெனவே கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. மரச்சட்டமும் செங்கல்லும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தரையில் இடம் தேடுங்கள்.

கனமான பைகள் சுவர், உத்தரங்களுக்கு மேலும், இலேசானவை நடுவிலும் இருக்கட்டும். 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் அரை டன். அதற்குத் தூணின் தலைக்கு மேல்தான் இடம். பைகளை நேராகத் தளத்தில் வைக்காமல் அரை அடி உயரத் தாங்கியில் வைத்தால், தளம் காய்ந்திருக்கும், கசிவு வந்தாலும் எங்கே என்று தெரியும். மழைநீர் வடிகுழாயின் வாயில் வலை போடுங்கள். உதிர்ந்த இலை அடைத்து ஒரே இரவில் அரை அடி நீர் தேங்கினால், அது மட்டுமே சதுர மீட்டருக்கு 150 கிலோ.

நான்கு வகைக் கலவைகளில் வெண்டை போட்டோம். ஒவ்வொரு கலவையும் ஒரு வரிசை, வரிசைக்குப் பத்துப் பை. மூன்றாவது வரிசை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காய்த்தது. அந்தக் கலவையைப் பரிந்துரைக்கலாமா?
மையப் பொறுப்பாளர், தாம்பரம்

கூடாது. மூன்றாவது கலவை நன்றாக இருந்ததா, மூன்றாவது வரிசை நின்ற இடம் நன்றாக இருந்ததா என்பதை உங்கள் எண்களால் சொல்ல முடியாது. நகரத்து ஆய்வுகள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். வயலில் மண் மெதுவாக மாறும். மாடியில் நான்கு அடிக்குள் எல்லாம் மாறிவிடும்: கைப்பிடிச் சுவரின் நிழல், தொட்டியின் நிழல், ஏ.சி. வெளி யூனிட் ஊதும் சூடு, வெள்ளையடித்த சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சம்.

நிழலும் ஒரே பக்கம் நிற்பதில்லை. சென்னையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது ஒரு மீட்டர் உயரத் தெற்குச் சுவர் முக்கால் மீட்டர் நிழல் போடும், மூன்று மீட்டர் தொட்டி மேடை இரண்டே கால் மீட்டர் போடும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போய்விடுவதால், நிழல் எதிர்ப்பக்கம் விழும். மார்கழியில் போட்ட திட்டத்தை வைகாசியில் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

ஆய்வுக்கு முன் ஒரு சமநிலைச் சோதனை செய்யுங்கள். எல்லாப் பைகளிலும் ஒரே கலவை, ஒரே கீரை விதை, ஒரே அளவு நீர். சிறுகீரை என்றால் 25 நாளில் பறித்து, ஒவ்வொரு பையின் எடையையும் அதன் இடத்தோடு தாளில் குறியுங்கள். எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கோலம் போல் தெரியும். ஒரே மாதிரி விளைந்த பைகளை ஒரு பிளாக்காகச் சேருங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் நான்கு கலவைகளும் ஒருமுறை வர வேண்டும். பிளாக்குக்குள் எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு பிளாக்குக்கும் தனியாக. கண்ணை மூடிக்கொண்டு கையால் மாற்றி வைப்பது குலுக்கல் ஆகாது.

எத்தனை பிளாக்? பிழைக்கான சுதந்திர அளவு, அதாவது கலவையால் வந்த வேறுபாட்டைத் தற்செயலானதிலிருந்து பிரித்தறியக் கணக்குக்குக் கிடைக்கும் தகவலின் அளவு, குறைந்தது 12 இருக்கட்டும். ட்ரீட்மென்ட் (இங்கே கலவை) எண்ணிக்கையில் ஒன்று கழித்து, பிளாக் எண்ணிக்கையில் ஒன்று கழித்து, இரண்டையும் பெருக்க வேண்டும். நான்கு கலவைக்கு ஐந்து பிளாக் என்றால் 3 × 4 = 12. ஒரு கலவைக்கு ஒரு பிளாக்கில் மூன்று பை வைத்தால் மொத்தம் 60 பை. அந்த மூன்றும் சேர்ந்து ஒரே அளவுதான், அவற்றை மூன்று ரெப்ளிகேஷன் (தனித்தனியாகத் திரும்பச் செய்த சோதனை) என்று எண்ணக் கூடாது. சுற்றிலும் ஓரப் பைகள் ஒரு வரிசை தனியாக. அவற்றிலும் வெண்டையே இருக்கட்டும், ஆனால் எடை போட வேண்டாம். ஓரத்துச் செடிக்குக் காற்றும் வெளிச்சமும் அதிகம் என்பதால் அது எப்போதும் கணக்கைக் கெடுக்கும்.

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், ஒரே ஆள் பறிக்கட்டும். ஞாயிறு விடுமுறை என்று திங்களுக்குத் தள்ளினால் காய் முற்றி எடை ஏறும். எடை கூடியது கலவையாலா விடுமுறையாலா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒரு செடி செத்தால் பக்கத்துப் பையிலிருந்து எடுத்து நட்டு மறைக்காமல், “செத்தது, வேர் அழுகல்” என்று தேதியோடு எழுதிவையுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரின் ஈ.சி. 2.4. பீன்ஸ் இலை ஓரம் கருகுகிறது, தக்காளி பரவாயில்லை. அதோடு சொட்டுநீர்க் குழாயின் கடைசியில் உள்ள பைகள் வாடுகின்றன.
வாசகர், சென்னை வேளச்சேரி

இரண்டும் தனித்தனி நோய்.

முதலில் உப்பு. ஈ.சி. என்பது நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன், உப்பு கூடினால் அதுவும் கூடும். வேர்ப்பகுதியில் பீன்ஸ் தாங்கும் ஈ.சி. அளவு மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில் 1.0, தக்காளிக்கு 2.5. உப்பு தேங்காமலிருக்கக் கொஞ்சம் நீர் பையின் அடியில் வடிந்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு: பயிர் தாங்கும் அளவை ஐந்தால் பெருக்கி, அதில் நீரின் ஈ.சி.யைக் கழியுங்கள். வந்த எண்ணால் நீரின் ஈ.சி.யை வகுங்கள். தக்காளிக்கு 2.4 ÷ 10.1, அதாவது ஊற்றுவதில் 24 சதவீதம் வடிய வேண்டும். பீன்ஸுக்கு 2.4 ÷ 2.6, அதாவது 92 சதவீதம். பத்துக் குடம் ஊற்றி ஒன்பதை வடியவிடுவது விவசாயம் இல்லை. இந்த நீரில் பீன்ஸை விட்டுவிடுங்கள். மழைநீர் சேமிப்பு இருந்தால் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். ஈ.சி. 1.25-க்கு வந்தால் தக்காளிக்கு 11 சதவீதம் வடிந்தால் போதும், பீன்ஸுக்கு 33. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். வீணாகப் போகிறதே என்று அதைப் பைக்குத் திருப்புகிற மையங்கள் உண்டு. வேண்டாம்.

அடுத்தது குழாய். முதல், நடு, கடைசி என்று பிரித்து 20 டிரிப்பர்களின் (நீர் சொட்டும் முனைகளின்) கீழ் டம்ளர் வைத்து ஆறு நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் 200 மில்லி தர வேண்டும். மிகக் குறைவாக வந்த ஐந்தின் சராசரியை இருபதின் சராசரியால் வகுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் நல்லது. 80-க்குக் கீழே என்றால் அந்த லேட்டரலில் (பைகளுக்கு நீர் கொண்டுபோகும் கிளைக்குழாயில்) ஆய்வு வைக்காதீர்கள், நீங்கள் அளப்பது குழாயைத்தான். எல்லா டிரிப்பரும் குறைவாக இருந்தால் வடிகட்டியைக் கழுவுங்கள். கடைசி மட்டும் குறைவு என்றால் அழுத்தம் போதவில்லை, அல்லது முனையில் வண்டல். அங்கங்கே ஒன்று விட்டு ஒன்று குறைந்தால் உப்புப் படிவு.

படிவுக்கு அமிலச் சுத்தம். டிரிப்பர்களைப் பைகளிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, ஒரு வாளிப் பாசன நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு பிஹெச் 4 வரும்வரை அளவு பாருங்கள். அதே விகிதத்தில் குழாய் முழுக்க நிரப்பி 24 மணி நேரம் நிறுத்தி, முனை மூடியைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். நீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. பாசிக்குக் குளோரின் கரைசல் விடுவதென்றால் நன்றாக அலசிய பிறகு, வேறொரு நாளில். இரண்டும் குழாய்க்குள் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

மாநகராட்சி உரக்கூடத்திலிருந்து இலவசமாக உரம் கிடைக்கிறது. ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?
வாசகி, கோவை

சோதித்த பிறகு பயன்படுத்தலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு உரத்துக்கு வரம்புகள் உண்டு: ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, நிக்கல் 50, குரோமியம் 50. ஈ.சி. 4-க்குள், கரிம–தழைச்சத்து விகிதம் 20-க்குள். குவியலில் 12 இடங்களில், மேற்புறமும் அடிப்புறமும் தோண்டி எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரை கிலோவாகக் குறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மேலே இருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் வரும் அறிக்கை அந்தக் கைப்பிடிக்கு மட்டும்தான்.

முடிவு வரும்வரை ஒரு வீட்டுச் சோதனை: ஈர உரத்தை நெகிழிப் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது அழுகல் வாடையோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் மக்கவில்லை. இலவச உரத்தின் பெரிய குறை வேறு: ஒவ்வொரு லோடும் வேறு. ஒரு ஆய்வுக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுத்து, ஒன்றாகக் கலந்து மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னைநார்க் கழிவும் இப்படித்தான். பச்சையாக அதன் கரிம–தழைச்சத்து விகிதம் 112 வரை இருக்கும், செடிக்குப் போட்ட யூரியாவை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 1.5 கிலோ சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் 24-க்கு இறங்கும். செங்கல்லாக அழுத்தி விற்பதை ஊறவைத்து, வடியும் நீரின் ஈ.சி. 0.5-க்கு வரும்வரை அலசுங்கள்.

இடித்த கட்டடத்து மண்ணையும் சாலையோர மண்ணையும் தொடாதீர்கள். நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தில் நின்றுவிட்டது. மண்ணில் விழுந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை, பழைய பெயின்ட் துகளும் அதில் சேர்ந்திருக்கும்.

நாட்டு ரக விதைகளைச் சேமிக்கிறோம். இரண்டாம் வருடமே முளைப்பு விழுகிறது. வெண்டை ரகம் வேறு கலந்துபோகிறது.
வாசகர், புதுச்சேரி

கடற்கரை ஈரம் முதல் எதிரி. சேமிப்பறையின் வெப்பம் ஃபாரன்ஹீட்டிலும் காற்றின் ஈரப்பதம் சதவீதத்திலும் சேர்த்து 100-க்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. உங்கள் ஊரில் சாதாரண நாளில் 86-உம் 70-உம் சேர்ந்து 156. விதையின் எடைக்குச் சம எடை சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் ஒரு வாரம் வைத்து உலர்த்துங்கள். பிறகு ஈரம் புகாத அலுமினிய உறையில் ஒட்டி, குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால், அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும், அதுவரை உலர்த்தியது வீண்.

வெண்டை தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் என்று நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தேனீ, வண்டு வந்தால் நன்றாகவே கலக்கும். சான்று விதைக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி கேட்பார்கள், அதை மாடியில் எங்கே தேடுவது? நாளை விரியும் மொட்டுக்கு முந்தைய மாலையே வெண்ணெய்த்தாள் உறை போட்டு, பூ வாடியதும் கழற்றி, காம்பில் நூல் கட்டிவிடுங்கள். நூல் கட்டிய காய் மட்டுமே விதைக்கு. பூசணிக்குக் காலை ஒன்பதுக்குள் கையால் சேர்க்க வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் விரியும், அதனால் ஐந்து மணிக்கு ஊழியர்கள் கிளம்பிவிடும் மையத்தில் அவை காய்க்காமலே நிற்பதைப் பார்க்கலாம்.

மண்ணில்லா விவசாயத்தில் லெட்டூஸ் போட்டோம். ஏப்ரலில் வேர் பழுப்பாகி அழுகியது.
வாசகி, சென்னை அண்ணா நகர்

வேர் நிற்கும் சத்துக் கரைசல் சூடாகியிருக்கும். 20 டிகிரியில் நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேர் மூச்சுத் திணறும் நேரத்தில் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி ஏறிவிடும். தொட்டியை நிழலில் வைத்து வெள்ளையடியுங்கள், காற்று பம்பை இரவிலும் ஓடவிடுங்கள். நேராகச் சொன்னால், சென்னைக் கோடையில் லெட்டூஸுக்குக் குளிரூட்டி வாங்குவதைவிட அந்தத் தொட்டியில் வல்லாரையோ புதினாவோ வைத்துப் பார்ப்பது மேல்.

விளைந்ததை ஊழியர்களுக்குக் கொடுக்கலாமா? விற்கலாமா?
மையப் பொறுப்பாளர், திருச்சி

எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு விற்கலாம். ரசீது புத்தகம் தனியாக இருக்கட்டும், இருப்புப் பதிவேட்டில் வரவும் செலவும் பொருந்த வேண்டும். பூச்சிமருந்து ஆய்வுப் பையிலிருந்து மட்டும் ஒரு காய்கூட வெளியே போகக் கூடாது. அந்தப் பயிருக்கு லேபிளில் அனுமதியில்லாத மருந்தை அடித்திருந்தால் எத்தனை நாள் கழித்து உண்ணலாம் என்ற கணக்கே கிடையாது. அவற்றைக் குழியில் புதைத்துவிடுங்கள். அந்தப் பைகளுக்குச் சிவப்பு நாடா கட்டி, இரவுக் காவலாளியிடமும் சொல்லிவையுங்கள், வெண்டைக்காய் அதிகம் காணாமல்போவது இரவில்தான்.

கொசு உற்பத்தி என்று மாநகராட்சி ஆய்வாளர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். என்ன செய்வது?
வாசகர், சேலம்

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பைகளின் அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதவற்றை வாரம் இருமுறை கவிழ்த்து, உள்பக்கம் தேயுங்கள், முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும். தொட்டி மூடிக்கும் வழிகுழாய்க்கும் மெல்லிய வலை கட்டுங்கள். எந்தக் கிழமை யார் கவிழ்த்தார் என்று கையெழுத்தோடு ஒரு அட்டை சுவரில் தொங்கட்டும். அடுத்த முறை ஆய்வாளர் வந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.