‘ஜோடி மாத்து!’
பிள்ளைகளின் சிலம்பம், கராத்தே, ஜூடோ வகுப்புகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு எங்கள் பயிற்சியாளர் குழுவின் பதில்கள்

கேள்வி: மகனுக்கு 7 வயது. பள்ளியிலும் தெருவிலும் யாரிடமும் ஒட்டமாட்டான். நாலு பேரோடு பழகட்டும் என்று சிலம்பத்தில் சேர்த்தோம். இரண்டு மாதமாகிறது. கம்பு நன்றாகச் சுற்றுகிறான்; ஆனால் கூடப் படிக்கும் ஒரு பிள்ளையின் பெயர்கூடத் தெரியவில்லை. வேறு வகுப்பு பார்க்கலாமா?
– ஒரு தாய், தேனி

பதில்: மாற்றுவதற்கு முன், ஒரு நாள் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் அவன் இன்னொரு பிள்ளையை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறான்? பல களங்களில் தொடக்க மாதங்கள் வணக்கம், காலடி, தனிச் சுற்று என்றே போய்விடும். கம்பு சுற்றும்போது பக்கத்தில் இருப்பவர் மீது பட்டுவிடக் கூடாது என்று கம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் அத்தனை தூரத்தில் நின்றுகொண்டு யாரோடு பேசுவது? 30 பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனியாள்தான்.

சிநேகம் பிடிப்பது அடி–தடையில். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். அடிக்கிற பிள்ளை முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும்: ‘தலை’, ‘தோள்’, ‘கால்’. சொன்ன பிறகுதான் கம்பு இறங்கும். எதிரில் நிற்பவர் இரண்டு கையையும் அகட்டிப் பிடித்துக் கம்பைக் குறுக்கே கொடுப்பார். பத்து அடி முடிந்ததும் முறை மாறும். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய சௌகரியம். என்ன பேசுவது என்று தேட வேண்டாம். சொல்ல வேண்டிய சொல்லை வாத்தியாரே கொடுத்துவிட்டார். முணுமுணுத்தால் எதிராளி விடமாட்டான்: ‘கேக்கலடா, சத்தமா சொல்லு!’ கூச்சப் பிள்ளைகள் பலருக்குக் களத்தில் முதல் பேச்சே இதுதான்.

அடுத்த சிக்கல் ஜோடி பிடிப்பது. ‘அவங்கவங்க ஜோடி பிடிச்சுக்கோங்க’ என்று விட்டால் ஏற்கெனவே கூட்டாளிகளாக இருப்பவர்கள் ஒட்டிக்கொள்வார்கள், உங்கள் மகன் மிஞ்சுவான். தினமும் மிஞ்சினால் ‘மிஞ்சுறவன்’ என்றே பெயராகிவிடும். வாத்தியாரிடம் பணிவாக இந்த முறையைச் சொல்லிப் பாருங்கள். 12 பேர் என்றால் ஆறு ஆறு பேராக இரண்டு வரிசை. முதல் ஆள் மட்டும் இடம் மாறக் கூடாது. மற்ற 11 பேரும் வரிசை சுற்றி ஒவ்வோர் இடமாக நகர வேண்டும். 11 ஜோடி முடியும்போது எல்லோரும் எல்லோரோடும் ஒரு தடவை நின்றிருப்பார்கள். ஜோடிக்கு 3 நிமிடம், வகுப்புக்கு நாலு ஜோடி என்று வைத்தால் மூன்று வகுப்பில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் மிஞ்சுபவரை உட்கார வைக்காமல், ஒரு ஜோடிக்கு அடி எண்ணும் நடுவராக நிறுத்தலாம்.

வீட்டிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் கொண்டுபோய் விடுங்கள், முடிந்ததும் உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். கம்புக் கட்டை உள்ளே எடுத்து வைக்க முன்னும் பின்னுமாக இரண்டு பேர் வேண்டும். அந்த வேலையில் ஒரு முனையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நாலாவது மாதத்திலும் ஜோடிப் பயிற்சியே தொடங்கவில்லை என்றால், அப்போது வேறு களம் பார்க்கலாம்.

கேள்வி: 11 வயது மகளுக்கு அடி–தடையில் விரலில் கம்படி பட்டு வீங்கிவிட்டது. அடித்தவள் அவளுடைய நெருங்கிய தோழி. இப்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. அந்த வீட்டில் போய்ப் பேசலாமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: முதலில் விரலைப் பார்ப்போம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். விரலை முழுக்க மடக்க முடியவில்லை, மடக்கும்போது கோணிக்கொண்டு போகிறது, மறுநாளும் வீக்கம் இறங்கவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சுளுக்கு என்று யாரிடமும் கொடுத்து உருவ வேண்டாம். இந்த வயதில் எலும்பு நுனியில் வளரும் பகுதி மென்மையாக இருக்கும்.

விரலில் படுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்று, தடுப்பவர் கைகளை நெருக்கிப் பிடிப்பது. அடி விழும் இடத்திலேயே விரல் இருக்கும். இரண்டு, கம்பைச் சாய்த்துத் தடுப்பது. எதிராளியின் கம்பு வழுக்கிக்கொண்டு நேரே விரலுக்கு வரும். மூன்று, சொல்லாமல் வேகம் கூட்டுவது. பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வருவது இந்த மூன்றாவதில்தான். ‘தெரியாம பட்டுச்சு’ என்று அவள் சொல்வாள், ‘வேணும்னே வேகமா அடிச்சா’ என்று இவள் சொல்வாள். அவரவர் வரையில் இரண்டுமே உண்மையாக இருக்கும்.

கம்பையும் ஒரு பார்வை பாருங்கள். தரையிலிருந்து பிள்ளையின் நெற்றி மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. பிடித்தால் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட வேண்டும். அண்ணனுக்கு வாங்கியதைத் தங்கைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். பருத்த கம்பை வேண்டிய இடத்தில் நிறுத்த அவளால் முடியாது. மூங்கில் என்றால் ஒரு பழந்துணியால் உருவிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அங்கே சிலாம்பு கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். பெரியவர்கள் பேசத் தொடங்கினால் இது இரண்டு குடும்பத்து விஷயமாகிவிடும். கைகுலுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் வேண்டாம். விரல் ஆறியதும் முதல் ஜோடியாக அவர்களையே நிறுத்தச் சொல்லுங்கள். பாதி வேகம், பத்து அடி, அடிபட்டவள் முதலில் அடிக்கட்டும், அடித்தவள் தடுக்கட்டும். பழி தீர்ப்பதற்காக இல்லை. வேகம் தன் கையில் இருக்கும்போது பயம் தானாக இறங்கும். யார் ‘மெதுவா’ என்றாலும் காரணம் கேட்காமல் வேகம் குறைக்க வேண்டும் என்று அன்றே விதி வைக்கலாம். ஜூடோவில் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ இரண்டு தட்டு தட்டினால் பிடியை விட்டாக வேண்டும், அதே மாதிரி.

கேள்வி: கராத்தேயில் மகனும் அவன் நண்பனும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். நண்பன் அடுத்த பெல்ட் வாங்கிவிட்டான். இவன் வகுப்புக்கே போக மறுக்கிறான்.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வருத்தம் பெல்ட்டால் மட்டும் வந்திருக்காது. பெல்ட் வாரியாக வரிசை நிற்கும் வகுப்புகளில், தேர்வு முடிந்த மறுநாளே இரண்டு பேரும் வேறு வேறு வரிசைக்குப் போய்விடுகிறார்கள். வாரம் ஒரு நாளாவது பெல்ட் பார்க்காமல் ஜோடி போட முடியுமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். நண்பனையே இவனுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கிறேன் என்று அவர் சொன்னால், ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் மட்டும் என்று எல்லை போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்து வயதில் ஒரு சின்ன மாஸ்டர் உருவாகிவிடுவார். அப்புறம் நட்பு எங்கே?

கேள்வி: பழகுவதற்குச் சிலம்பமா, கராத்தேயா, ஜூடோவா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: எதுவானாலும் ஜோடியாக எத்தனை நிமிடம் என்றே கேளுங்கள். மணிக்கு 20 நிமிடமாவது வேண்டும் என்பது எங்கள் கணக்கு. கராத்தேயில் கட்டா என்பது அடி, தடுப்பு அசைவுகளை வரிசையாகத் தனியாகச் செய்வது; அதிலேயே முழு வகுப்பும் போகும் இடங்கள் உண்டு. ஜூடோ அப்படி முடியாது. தூக்கிப் போடக் கற்க வேண்டுமானால் விழச் சம்மதிக்கும் ஒருவர் எதிரில் வேண்டும். அதனால் முதலில் சொல்லிக்கொடுப்பதே விழுவதற்குத்தான். 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ வைத்த கொள்கைகளில் ஒன்றே தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது. ஒரே ஒரு எச்சரிக்கை: மெத்தை விரிக்காத சிமென்ட் தரையில் ஜூடோ சொல்லித்தரும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: சிலம்பத் தொடுமுறையில் (கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டி) நண்பனோடு நிறுத்தினால் என் மகள் வேண்டுமென்றே தோற்கிறாள்.
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: விட்டுக்கொடுப்பது எதிராளிக்கு உடனே தெரிந்துவிடும், அவனுக்கு எரிச்சல்தான் வரும். சில வாரம் தொடுமுறைப் புள்ளியை மறக்கச் சொல்லுங்கள். கம்போடு கம்பு தவறாமல் இருவரும் சேர்ந்து தொடர்ச்சியாக எத்தனை அடி–தடை போடுகிறார்கள் என்று எண்ணட்டும். 20இல் தொடங்கி 50 வரை போகலாம். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. 50ஐத் தொட்ட பிறகு தொடுமுறைக்குத் திரும்பலாம்.