வைப்அவுட் மாதிரியான பறக்கும் ஊர்திப் பந்தய வீடியோ விளையாட்டுகளுக்கு ஆயுதங்கள் அவசியமா?

கேட்டவரின் மனக்குறை இதுதான்: தரையைத் தொடாமல் மிதந்து பறக்கும் ஊர்திகள், வளைந்து நெளியும் டிராக், பின்னணியில் டெக்னோ இசை என்று வேகமே போதுமான விருந்தாக இருக்கும்போது மிசைலும் கண்ணிவெடியும் எதற்கு? கடைசி லேப் வரை சுத்தமாக ஓட்டியவரைப் பின்னால் வருகிறவர் ஒரு பட்டனை அழுத்தி வீழ்த்திவிட்டால், அது எப்படி நியாயமான பந்தயம்?

என் பதில்: அவசியம்தான். ஆனால் ஆயுதமும் வேகமும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாக வேண்டும். அப்படி அமைந்த விளையாட்டில் ஆயுதம் பந்தயத்தை ஆழமாக்கும். அமையாத விளையாட்டில் நீங்கள் சொல்வது போல வெறும் தொந்தரவாகத்தான் நிற்கும். வைப்அவுட் தொடரிலேயே இரண்டையும் பார்க்கலாம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் வைப்அவுட் 1995 செப்டம்பரில், ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் கன்சோல் அறிமுகமானபோதே அதனுடன் சேர்ந்து வந்தது. உருவாக்கியது இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த சிக்னோசிஸ் நிறுவனம். கதை நடக்கும் வருடம் 2052. அணிச் சின்னங்களையும் பெட்டியின் தோற்றத்தையும் ஷெஃபீல்டைச் சேர்ந்த தி டிசைனர்ஸ் ரிபப்ளிக் வடிவமைத்தது. அந்தச் சின்னங்களை இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை. ஆனால் ஆயுத விஷயத்தில் அந்த முதல் பாகம் அரைகுறைதான். யாரையும் அழிக்க முடியாது. அடிபட்டால் வேகம் குறையும், அவ்வளவுதான். சுவரில் மோதினாலும் ஊர்தி கிட்டத்தட்ட நின்றே போகும். ஆக, மிசைல் என்பது எதிராளியிடமிருந்து சில நொடிகளைப் பறிக்கும் கருவி மட்டுமே. அதை வைத்துக்கொண்டு யோசிக்க ஒன்றும் இல்லை. கிடைத்தால் சுட வேண்டியதுதான். உங்கள் எரிச்சல் இந்தப் பாகத்துக்கு முழுக்கப் பொருந்தும்.

அடுத்த வருடமே, 1996-ல் வந்த வைப்அவுட் 2097 இதை மாற்றியது. ஊர்திக்கு ஒரு சக்திக் கவசம் வந்தது. ஒவ்வொரு அடியும் அதைக் கரைக்கும், தீர்ந்துபோனால் ஊர்தி வெடித்துவிடும். கவசத்தை நிரப்ப டிராக்கின் ஓரத்தில் பிட் லேன் என்று ஒரு தனிப் பாதை. போட்டியாளர் ஒருவர் வெடிக்கும்போது ‘கன்டென்டர் எலிமினேட்டட்’ என்று ஒரு குரல் உணர்ச்சியே இல்லாமல் அறிவிக்கும். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. டிராக்கையே அலை போலச் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடும் குவேக் ஆயுதமும் இந்தப் பாகத்தில்தான் வந்தது. தொடரின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. சுவரில் உரசினால் ஊர்தி நின்றுவிடும் கொடுமையும் பெருமளவு குறைந்தது.

என்னைக் கேட்டால், திருப்புமுனை 2005-ல் பிஎஸ்பி என்ற கையடக்கக் கன்சோலுக்கு வந்த வைப்அவுட் ப்யூர். பிட் லேன் போய்விட்டது. அதற்குப் பதில், கையில் கிடைத்த ஆயுதத்தைச் சுடாமலே உறிஞ்சிக்கொண்டு கவசத்தை நிரப்பலாம் என்று ஒரு விதி. எந்த ஆயுதம் என்பதைப் பொறுத்து நிரம்பும் அளவும் மாறும். கேட்க மிகச் சின்ன மாற்றம். ஆனால் அன்றிலிருந்து, டிராக்கில் ஆயுதம் தரும் இடமான ஆயுதத் தளத்தின் மேல் பறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இதை எதிராளி மேல் செலவழிப்பதா, எனக்கே வைத்துக்கொள்வதா?

இரண்டு வருடம் கழித்து, 2007-ல் வந்த வைப்அவுட் பல்ஸ் அந்த வட்டத்தை முழுமையாக்கியது. மேட்டிலிருந்து எகிறிப் பறக்கும் நேரத்தில் ஸ்டிக்கை இடம், வலம், இடம் என்று சட்டென ஆட்டினால் ஊர்தி தன் அச்சில் ஒரு முழுச் சுற்று சுழலும். அதுதான் பேரல் ரோல். தரை இறங்கியதும் ஒரு பூஸ்ட், அதாவது திடீர் வேகம், கிடைக்கும். ஆனால் அதற்கு விலையாகக் கவசத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆயுதத்தை உறிஞ்சினால் கவசம். கவசத்தைச் செலவழித்தால் வேகம். அதாவது மிசைல் என்பது மறைமுகமாக வேகமேதான். உங்கள் கையில் இருப்பது இரண்டு விதமாகச் செலவாகக்கூடிய ஒரே பணம்.

ஒரு நிலைமையைச் சொல்கிறேன். கடைசி லேப், நீங்கள் இரண்டாவது இடம். கவசம் கால்வாசி இருக்கிறது. கையில் ஒரு மிசைல். முதலிடக்காரர் கண்ணுக்குத் தெரிகிறார், ஆனால் இன்னும் ஒரு நொடியில் வளைவுக்குள் போய்விடுவார். இப்போதே சுட்டால் மிசைல் சுவரில் மோதி வீணாகலாம். வளைவு முடியும்வரை காத்திருந்தால் நேர்ப்பாதையில் குறி நன்றாகப் பதியும். ஆனால் உங்களுக்குப் பின்னால் வருகிறவரிடமும் ஏதோ இருக்கிறது, அவர் அதற்குள் உங்களைத் தட்டிவிட்டால் கால்வாசிக் கவசம் தாங்காது. இன்னொரு வழி, மிசைலை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த மேட்டில் பேரல் ரோல் போட்டு, அவரைச் சுடாமலே முந்துவது. மூன்றும் சரியான பதிலாக இருக்கலாம். டிராக், உங்கள் ஊர்தி, பின்னால் வருகிறவரின் தூரம், எல்லாம் சேர்ந்துதான் எது சரி என்று சொல்லும். முடிவெடுக்கக் கிடைப்பதோ ஒரு நொடி, அதையும் ஊர்தியை வளைவில் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். ஆயுதம் இல்லாத பந்தயத்தில் இந்தக் கணத்துக்கு இடமே கிடையாது. இந்த வகை விளையாட்டின் மேல் எனக்கு இருக்கும் காதல் எல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

முதலிடத்தில் இருப்பவர் பாவம் என்கிறீர்களே, அவருக்கும் வழி இருக்கிறது. முன்னால் யாரும் இல்லாததால் மிசைல் அவருக்குக் குறிவைக்கப் பயன்படாது, ஆகவே உறிஞ்சிக்கொண்டு கவசத்தை எப்போதும் நிறைத்து வைத்திருக்கலாம். பின்னால் விடக் கண்ணிவெடிகள் கிடைக்கும். ஷீல்டு (சக்திக் கவசம் அல்ல, சிறிது நேரம் அடிபடாமல் காக்கும் தற்காப்பு) கிடைத்தால் உடனே போடாமல், ஆயுதம் வருகிறது என்ற எச்சரிக்கை திரையில் வரும்வரை வைத்திருக்கலாம். கடைசி லேப்பில் ஒரே மிசைலில் தோற்றுப்போன முதலிடக்காரரின் ஓட்டத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் அதற்கு முந்தைய லேப்பிலேயே கவசத்தைத் தாராளமாகச் செலவழித்திருப்பார். அது அவருடைய கணக்கு, அதிர்ஷ்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

டிராக்கின் மேல் எந்தக் கோட்டில் ஓட்டுகிறோம் என்பதையும் ஆயுதம் மாற்றுகிறது. வேகத் தளங்களும் ஆயுதத் தளங்களும் ஒரே வரிசையில் இருப்பதில்லை. ஒன்று வளைவின் உள்பக்கம் இருந்தால் மற்றது வெளிப்பக்கம். 2012-ல் வீட்டா என்ற கையடக்கக் கன்சோலுக்கு வந்த வைப்அவுட் 2048 இன்னும் ஒரு படி போனது: தாக்கும் ஆயுதங்களுக்கு மஞ்சள் தளம், தற்காப்புக்குப் பச்சைத் தளம். எதை எடுக்கப் போகிறேன் என்று தெரிந்தே வண்டியைத் திருப்பலாம். அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க இதைவிட நேர்த்தியான வழியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. அதை உருவாக்கிய ஸ்டூடியோ லிவர்பூல், பழைய சிக்னோசிஸின் வாரிசு, அதே வருடம் ஆகஸ்டில் மூடப்பட்டது. அந்த யோசனையை அவர்களே இன்னும் வளர்த்துப் பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆயுதமே இல்லாத நல்ல விளையாட்டுகள் இல்லையா என்றால், இருக்கின்றன. நின்டென்டோவின் எஃப்-ஸீரோ 1990-லேயே இந்த வகைக்கு அடித்தளம் போட்டது. அதில் சுடுவது கிடையாது. ஆனால் 1998-ல் வந்த எஃப்-ஸீரோ எக்ஸைப் பாருங்கள். முப்பது ஊர்திகள் ஒரே டிராக்கில், நொடிக்கு அறுபது பிரேம். முதல் லேப் முடிந்த பிறகு பூஸ்ட் பயன்படுத்தலாம், ஆனால் அது உங்கள் உயிர்ச்சக்தியிலிருந்தே கழியும். பக்கவாட்டில் இடித்தும் சுழன்றும் மற்றவர்களை வெளியே தள்ளலாம். மிசைல் இல்லாமலே, வேகத்தையும் உயிரையும் ஒரே பட்டையில் வைத்தார்கள். ப்யூரும் பல்ஸும் பிறகு வேறு வழியாக வந்து சேர்ந்த இடம் அதுவேதான். 2023-ல் வந்த எஃப்-ஸீரோ 99-ல், 99 பேர் ஓட்டும் களத்தில் ஒருவரை வீழ்த்தினால் உங்கள் சக்திப் பட்டையே நீளமாகும். தாக்குவதற்கு வேகத்தோடு நேரடிக் கணக்கு இருந்தால் அது உறுத்தாது என்பதற்கு நல்ல உதாரணம்.

சுத்தமான வேகம் மட்டும் வேண்டும் என்றால் வைப்அவுட்டுக்குள்ளேயே ஸோன் என்று ஒரு முறை உண்டு. 2002-ல் ஃப்யூஷன் பாகத்தில் வந்தது. எதிரி கிடையாது, ஆயுதம் கிடையாது, வேகமும் உங்கள் கையில் கிடையாது. ஊர்தி தானாகவே வேகம் கூட்டிக்கொண்டே போகும், கவசம் தீரும்வரை சுவரைத் தவிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிக அருமையான முறை. ஆனால் அது உங்களுக்கும் டிராக்குக்கும் இடையிலான விஷயம். இன்னொரு மனிதர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்கும் வேலை அதில் இல்லை. எனக்கு அந்த வேலைதான் பிடிக்கும்.

எல்லா ஆயுதமும் நன்றாக அமைந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆட்டோபைலட் எனக்குப் பிடிக்காது. ஓட்ட வந்த இடத்தில் ஊர்தி தானே ஓட்டிக்கொள்வதில் என்ன இருக்கிறது? கிடைத்தால் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவேன். குறைந்த வேகப் பிரிவில், அதாவது வெனம் வகுப்பில், ஆயுதங்களின் கை ஓங்கியிருப்பது உண்மை. எல்லோரும் நெருக்கமாகக் கூட்டமாக ஓடுவதால் அடி மேல் அடி விழும். மிக வேகமான ஃபேன்டம் வகுப்புக்குப் போனால் ஓட்டுவதே பாதிச் சண்டை என்பதால் ஆயுதம் தானாகப் பின்னுக்குப் போய்விடும். உங்கள் அனுபவம் வெனமில் மட்டும் என்றால், மேலே போய்ப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ஒன்று மட்டும் முதலில் பழக வேண்டும்: ஏர்பிரேக். இந்த ஊர்திகளுக்குச் சக்கரம் இல்லை, தரையைப் பிடித்துத் திரும்பாது, பக்கவாட்டில் வழுக்கும். இடது, வலது ஏர்பிரேக்கைத் தனித்தனியாக அழுத்தித்தான் மூக்கை வளைவுக்குள் இழுக்க முடியும். இது விரலுக்கு வராதவரை, அடிபட்டுத் தடுமாறும் ஊர்தியை மீட்க முடியாது, ஒரு மிசைல் இரண்டு சுவர் மோதலாக மாறும். அப்போது ஆயுதம் அநியாயமாகத்தான் தோன்றும்.

எதில் தொடங்கலாம்? பிளேஸ்டேஷன் 4 இருந்தால் 2017-ல் வந்த ஒமேகா கலெக்‌ஷன். வைப்அவுட்டின் எச்டி, ஃப்யூரி, 2048 மூன்றின் டிராக்குகளும் அதில் உள்ளன. கணினி என்றால் 2018-ல் வந்த, வைப்அவுட் பாணி விளையாட்டான பாலிஸ்டிக்என்ஜி. அதில் பழைய பிளேஸ்டேஷன் காலத்து இயற்பியலும் (ஊர்தி நகரும் விதம்) எச்டி காலத்து இயற்பியலும் தனித்தனி முறைகளாக இருப்பதால், நான் மேலே சொன்ன மாற்றத்தைக் கையாலேயே உணரலாம். முதல் வைப்அவுட்டைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால், அதன் கசிந்த மூல நிரலை வைத்து 2023-ல் ஒரு நிரலாளர் திருத்தி எழுதிய வடிவம் பிரவுசரிலேயே ஓடும். எதில் விளையாடினாலும் முதலில் ஆயுதம் இல்லாத டைம் ட்ரையலில் ஒரு டிராக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்புறம் அதே டிராக்கில் ஆயுதங்களோடு பந்தயத்துக்குப் போய், முதல் லேப் முழுக்கக் கிடைப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே ஓட்டுங்கள். சுடுவதை இரண்டாவது லேப்பில் ஆரம்பித்தால் போதும்.