கார்டில் போன பணம் யார் தலையில் விழும்? வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கார்டு மோசடி குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காசிமேடு, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து வந்தவை. பணம் எப்படிப் போனது என்பதை எல்லோரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வங்கிக்கு எப்போது, எந்த வழியில் தெரிவித்தார்கள் என்பதைப் பலர் எழுதவேயில்லை. இழப்பை யார் ஏற்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது அந்த இரண்டாவது விவரத்துக்குத்தான் எடை அதிகம். ஆகவே கீழேயுள்ள பதில்களில் அதையே பலமுறை கேட்கப்போகிறீர்கள்.

விசைப்படகில் தொழில் செய்கிறேன். கடலுக்குப் போனால் கரை திரும்ப எட்டு, பத்து நாள் ஆகிவிடும். அப்படிப் போயிருந்த சமயத்தில் வடமாநில ஏ.டி.எம். ஒன்றில் என் சேமிப்புக் கணக்கிலிருந்து அடுத்தடுத்த நாள்களில் 20,000 ரூபாய் வீதம் இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று சேர்த்த பணம். கார்டு என்னிடமேதான் இருந்தது. கரைக்கு வந்து சிக்னல் கிடைத்த பிறகே எஸ்.எம்.எஸ். வந்தது, மறுநாளே கிளைக்குப் போனேன். "ஆறு வேலை நாள் கழித்து வந்திருக்கிறீர்கள், பின் நம்பர் போட்டுத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். (காசிமேடு)

அந்தப் பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் இழப்பு யாருடையது என்பதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையே அடிப்படை. தவறு வங்கியின் பக்கம் இருந்தால், நீங்கள் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு இழப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் நடுவில் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பது. பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. தகவல் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்க்கக் கூடாது. உங்கள் கிளையின் வேலை நாள்களை மட்டுமே எண்ண வேண்டும். எஸ்.எம்.எஸ். எந்த நாள், எந்த நேரத்தில் வாடிக்கையாளரின் போனில் போய்ச் சேர்ந்தது என்பதை வங்கியின் அமைப்பு பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும், பொறுப்பைத் தீர்மானிப்பதில் அந்தப் பதிவு முக்கியமானது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே, செய்தி அனுப்பப்பட்ட நேரத்தை மட்டும் காட்டினால் ஏற்காமல், உங்கள் போனில் சேர்ந்த நேரத்தின் பதிவை எழுத்துமூலம் கேளுங்கள். படகு துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் படகு உரிமையாளரிடமோ சங்கத்திடமோ ஒரு கடிதம் வாங்கிப் புகாரோடு இணையுங்கள்.

பின் நம்பர் விஷயத்துக்கு வருவோம். பின் நம்பர் பயன்பட்டது என்பதாலேயே அதை நீங்கள் யாருக்கோ சொன்னீர்கள் என்று ஆகிவிடாது. ஏ.டி.எம்.மில் கார்டு நுழையும் வாயில் பொருத்தப்படும் ஸ்கிம்மர் கருவி காந்தப்பட்டையில் உள்ள விவரத்தைப் படித்துக்கொள்கிறது. விசைப்பலகைக்கு மேலே ஒளித்துவைத்த சிறு கேமரா பின் நம்பரைப் பதிவு செய்கிறது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்று சுற்றறிக்கை தெளிவாகவே கூறுகிறது. அதனால் இரண்டு விவரங்களைக் கேளுங்கள்: அந்தப் பணம் சிப் வழியாக எடுக்கப்பட்டதா, காந்தப்பட்டை வழியாகவா, அந்த ஏ.டி.எம்.மின் சி.சி.டி.வி. பதிவு எங்கே. காந்தப்பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டுகளாக மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதே, பட்டையைப் போலியாகச் செய்வது எளிது, சிப்பைச் செய்வது மிகக் கடினம் என்பதால்தான். பட்டை வழியாகப் பணம் போயிருந்தால், அது வங்கி அமைப்பின் குறை என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு வங்கியின் கணக்கே சரி, ஆறாம் நாள்தான் தெரிவித்தீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், கைவிரிக்க விதி இடம் தரவில்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு: சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பரிவர்த்தனை ஒன்றுக்கு 10,000 ரூபாய், ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் 5,000 ரூபாய். ஆக, போன 40,000 ரூபாயில் மிக மோசமான நிலையிலும் பாதி உங்களுக்கு வந்தாக வேண்டும். நீங்கள் தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் சர்ச்சைக்குரிய தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கிளையில் வாயால் சொன்னதைப் புகார் என்று நம்பிவிட வேண்டாம். முத்திரையிட்ட நகலோ புகார் எண்ணோ கையில் இருந்தால்தான் அது புகார்.

ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, பென்ஷன் கணக்கின் கார்டு முடங்கிவிடும் என்று யாரோ போன் செய்ய, பயந்துபோய் ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டார். காலை 11.20-க்குள் மூன்று முறை பணம் போனது. 11.40-க்கு வங்கியின் இலவச எண்ணில் சொல்லி கார்டை முடக்கினோம். அதன் பிறகும் 12 மணிக்கு மேல் ஒரு தொகை போயிருக்கிறது. எதுவும் திரும்பக் கிடைக்குமா? (பெரம்பூர்)

கடைசித் தொகை நிச்சயம் கிடைக்க வேண்டும். ஓ.டி.பி., பின் நம்பர் போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பதெல்லாம் வங்கியுடையது. நீங்கள் பேசியது 11.40 என்பதற்கு உங்கள் போனின் அழைப்புப் பட்டியலும், வங்கி கொடுத்த புகார் எண்ணும் சான்று. அந்த இருபது நிமிடப் பதற்றத்திலும் போன் செய்யத் தோன்றியதால்தான் அந்தத் தொகையையாவது கேட்க முடிகிறது.

முதல் மூன்று தொகைகளைப் பொறுத்தவரை, வீண் நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. சட்டப்படி அவை அப்பாவின் பொறுப்பில் வருகின்றன. ஆனாலும் இரண்டு வழிகள் மிச்சம் இருக்கின்றன. வாடிக்கையாளரின் கவனக்குறைவு இருந்த இனங்களிலும் வங்கி விரும்பினால் அவருடைய பொறுப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 சுற்றறிக்கை அனுமதிக்கிறது. வயது, அதற்கு முன் அந்தக் கணக்கில் ஆன்லைன் செலவே இல்லாதது, சில நிமிடங்களில் மூன்று பெரிய தொகைகள் போயும் வங்கியின் கண்காணிப்பு நிறுத்தாதது ஆகியவற்றைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். மற்றொன்று, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். அங்கே பதிவாகும் புகார், பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்கு உடனே அனுப்பப்பட்டு, இன்னும் எடுக்கப்படாமல் அங்கே கிடக்கும் பணம் முடக்கப்படுகிறது. திருடியவர்கள் பணத்தைக் கணக்கு மாற்றிக் கணக்கு நகர்த்திக்கொண்டே போவதால் முதல் சில மணி நேரம்தான் பலன் தரும். இதுவரை அழைக்கவில்லை என்றால், தாமதமானாலும் இன்றே அழையுங்கள்.

வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று 1600 எனத் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அப்பாவுக்குச் சொல்லிவையுங்கள். எந்த எண்ணிலிருந்து பேசினாலும் ஓ.டி.பி. கேட்பவர் வங்கிக்காரர் அல்லர். அப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். திட்டு வாங்கிய முதியவர்கள் அடுத்த முறை ஏமாந்ததை மறைத்துவிடுகிறார்கள்; அந்தத் தாமதம்தான் முழுப்பணத்தையும் கொண்டுபோகிறது.

எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மலேசியாவிலிருந்து வீடியோ காலில் கல்யாணப் புடவைகள் பார்த்த ஒருவருக்கு பேமென்ட் லிங்க் அனுப்பினோம். வெளிநாட்டு கார்டில் பணம் வந்தது, சரக்கை கூரியரில் அனுப்பினோம். ஒன்றரை மாதம் கழித்து, கார்டுக்கு உரியவர் தான் வாங்கவே இல்லை என்று சொல்வதாகக் கூறி எங்கள் கணக்கிலிருந்து தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். சரக்கும் போய் பணமும் போவது என்ன நியாயம்? (பழைய வண்ணாரப்பேட்டை)

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இதில் ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் பாதுகாப்பு விதி உங்களுக்கு உதவாது. வணிகருக்கும் கார்டு கொடுத்த வங்கிக்கும் இடையிலான பொறுப்பை விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் விதிகளும், உங்களுக்கு லிங்க் வசதி கொடுத்த நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன. அந்த விதிகளின் போக்கு இதுதான்: பாதுகாப்பான வழியைக் கையாளாத தரப்பே இழப்பை ஏற்க வேண்டும். கடையில் நேரில் சிப் செருகிப் பின் நம்பர் போட்டு வந்த பணத்துக்குப் போலி கார்டு என்ற புகார் வந்தால், பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியினுடையது. கார்டு கண்ணெதிரில் இல்லாத விற்பனையில், ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு நடந்திருந்தால் அப்போதும் அந்த வங்கிதான். சரிபார்ப்பே இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துப் பணம் வந்திருந்தால், இழப்பு வணிகருக்கு வருகிறது.

உங்கள் லிங்கில் வந்த பரிவர்த்தனை சரிபார்க்கப்பட்டதா இல்லையா என்பதை முதலில் கேட்டறியுங்கள். சரிபார்க்கப்பட்டிருந்தால், கொடுத்திருக்கும் கெடு முடிவதற்குள் பில், உரையாடல் பதிவு, கூரியர் ரசீது ஆகியவற்றோடு சார்ஜ்பேக்கை, அதாவது வந்த தொகையைத் திரும்பப் பிடித்துக்கொண்டதை, எதிர்த்து எழுதுங்கள். சரிபார்க்கப்படவில்லை என்றால், கூரியர் ரசீது மட்டும் பெரும்பாலும் போதாது. இனிமேல் வெளிநாட்டு கார்டுகளுக்குச் சரிபார்ப்பு இல்லாத பரிவர்த்தனையை ஏற்காதபடி அமைத்துத் தருமாறு அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வங்கிப் பரிமாற்றமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு சரக்கை அனுப்புங்கள். போனில் சொல்லும் கார்டு எண்ணையும் சி.வி.வி. எண்ணையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. அந்த நோட்டிலிருந்து ஒரு மோசடி கிளம்பினால் விசாரணை உங்கள் கடைக்குத்தான் வரும்.

ஏ.டி.எம்.மில் 5,000 ரூபாய் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. பத்து நாள் ஆகிறது. (தண்டையார்பேட்டை)

இது மோசடி அல்ல, தோல்வியடைந்த பரிவர்த்தனை. 5 நாளுக்குள் பணம் தானாகவே கணக்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீட்டை, நீங்கள் கேட்காமலேயே வங்கி வரவு வைக்க வேண்டும் என்பது 2019-இல் வந்த விதி. 5,000 ரூபாயை மட்டும் போட்டுவிட்டு முடித்துக்கொண்டால், மீதியையும் கேளுங்கள்.

தேரடி பக்கம் பஸ் ஏறும்போது பர்ஸ் தொலைந்தது. டேப் செய்யும் கார்டு அதில் இருந்தது. மறுநாள்தான் முடக்கினேன். அதற்குள் மூன்று கடைகளில் 5,000 ரூபாய்க்குள்ளாகத் தேய்த்துவிட்டார்கள். (திருவொற்றியூர்)

பின் நம்பர் இல்லாமல் தட்டிச் செலுத்தும் வரம்பு 2021 ஜனவரி 1 முதல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. தொலைந்த கார்டை முடக்கும் வரை நடந்த செலவை வாடிக்கையாளர் மீது வைப்பதுதான் பெரும்பாலான வங்கிகளின் ஒப்பந்த வாசகம். ஆனாலும் நீங்கள் யாரிடமும் எந்த ரகசியத்தையும் சொல்லவில்லை. கவனக்குறைவு இருந்தது என்று காட்ட வேண்டியது வங்கிதான். இதை எழுதிப் புகார் கொடுங்கள். சில வங்கிகள் கார்டோடு தொலைந்த கார்டுக்கான காப்பீடும் தருகின்றன, அதையும் விசாரியுங்கள். புதிய கார்டு வந்ததும், வங்கிச் செயலியில் டேப் வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது வரம்பை 500 ரூபாய்க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்காமலேயே ஒரு வங்கி என் பெயருக்கு கிரெடிட் கார்டு அனுப்பியது. உறையைப் பிரிக்கவும் இல்லை. இப்போது ஆண்டுக் கட்டணம் என்று பில் வருகிறது. (வியாசர்பாடி)

கட்டாதீர்கள். கேட்காத கார்டை அனுப்புவதை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் கார்டு வழிகாட்டு நெறிகளின்படி, அப்படி அனுப்பிக் கட்டணம் விதித்தால் அதை நீக்குவதோடு, நீக்கிய தொகையைப் போல இரு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் வங்கி தர வேண்டும். அந்த கார்டை வேறு யாராவது தவறாகப் பயன்படுத்தியிருந்தாலும் பொறுப்பு வங்கிக்கே. மின்னஞ்சலில் மறுப்பை அனுப்பி, கணக்கை மூடும்படியும் கேளுங்கள். முறையாகக் கேட்ட பிறகு 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால், பாக்கி ஏதும் இல்லாத கணக்குக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டிவரும். கிரெடிட் ஸ்கோரில் இது நிலுவையாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்; ஏறியிருந்தால் திருத்தக் கோருங்கள்.

என் கிரெடிட் கார்டில் வெளிநாட்டு இணையதளம் ஒன்று ஓ.டி.பி.யே இல்லாமல் 31,000 ரூபாய் எடுத்திருக்கிறது. அன்றைக்கே வங்கிக்குத் தெரிவித்துவிட்டேன். பில் தேதி நெருங்குகிறது. கட்டாவிட்டால் வட்டி ஏறுமா? (மணலி)

இந்திய இணையதளங்களில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு 2009 முதல் கட்டாயம். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் அது இல்லாமலே பணம் எடுக்க முடிந்திருக்கிறது. அதனால்தான் 2020-க்குப் பிறகு வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. உங்கள் கார்டில் நீங்கள் அதைத் திறக்காமலே இந்தப் பணம் போயிருந்தால், அது முழுக்க வங்கியின் தவறு. திறந்திருந்தாலும், அன்றே தெரிவித்ததால் உங்கள் இழப்பு பூஜ்யம்தான்.

தெரிவித்த 10 வேலை நாளுக்குள் அந்த 31,000 ரூபாயை வங்கி தற்காலிகமாகத் திருப்பி வைக்க வேண்டும். விசாரணை முடியும் வரை அந்தத் தொகைக்கான கூடுதல் வட்டியை உங்கள் மீது ஏற்றக் கூடாது. பில்லில் உள்ள மற்ற செலவுகளைக் கெடு தேதிக்குள் முழுமையாகக் கட்டிவிடுங்கள். சர்ச்சைக்குரிய தொகையைக் கழித்துக் கட்டுகிறேன் என்று புகார் எண்ணோடு கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி, அதன் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மாதப் பில்லில் அந்தத் தொகைக்கு வட்டியோ தாமதக் கட்டணமோ இருந்தால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக உடனே மறுப்பு எழுதுங்கள்.