நீங்க எந்த சீன்ல இருக்கீங்க?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், டிவி பார்த்துக்கொண்டே இணைய நண்பர்களோடு அரட்டை அடிக்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதியதுதான் தாமதம், இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்கிற அளவுக்கு வந்து குவிந்துவிட்டது. சொந்தப் பெயர் வேண்டாம், அரட்டையில் வைத்திருக்கும் பட்டப்பெயரே போதும் என்று சொல்லியிருந்தேன். அப்படியே போட்டிருக்கிறேன்.

பாஸ் பட்டன்: அக்கா, நாங்கள் ஆறு பேர். 16 வருஷப் பழக்கம், நேரில் பார்த்ததே கிடையாது. தினமும் ஒரே தொடரை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே பேசுவோம். அதில் ஒருத்தி மட்டும் எங்களுக்குக் காட்சி வருவதற்கு முன்னாலேயே "ஐயையோ!" என்று போட்டுவிடுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா?

பாவம், அவளைத் திட்டாதீர்கள். அவள் வீட்டுக்கு டிவி வருகிற வழி வேறு, உங்கள் வீட்டுக்கு வருகிற வழி வேறு, அவ்வளவுதான் விஷயம். செயற்கைக்கோள் வழியாக வருவது சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வேண்டும் என்றாலும், அந்தப் பயணத்துக்குக் கால் விநாடிதான் ஆகும். இணையத்தில் பார்ப்பவர்களுக்குத்தான் பிந்தும். காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புவார்கள், உங்கள் பெட்டியோ போனோ நடுவில் நிற்காமல் ஓடவேண்டுமே என்று நாலைந்து துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும். அதனால் அரை நிமிஷம் பின்னால் இருப்பது சர்வசாதாரணம். அந்த அரை நிமிஷத்தில் ஒரு கன்னத்தில் அறை விழுந்து, மூன்று பேர் திரும்பிப் பார்த்து, இடி இடித்து முடிந்துவிடுகிறது.

எங்கள் குழுவிலும் இதே சண்டைதான். கடைசியில், யாருக்கு எல்லாரையும்விடத் தாமதமாக வருகிறதோ அவர்தான் வாய் திறக்கவேண்டும், மற்றவர்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டோம். இரண்டு நாள் ஓடியது. அப்புறம் நேரலையையே விட்டுவிட்டோம். முடிந்த எபிசோடை எடுத்து, முதல் காட்சியில் எல்லாரும் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒருவர் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று போட்டதும் ஒரே சமயத்தில் ஓடவிடுகிறோம். அதிலும் நடுவில் காலிங் பெல் அடித்து எழுந்துபோகிற ஒருவர் இருப்பார். திரும்பி வந்ததும் "நீங்க எந்த சீன்ல இருக்கீங்க?" என்பார். இந்தப் பகுதியின் தலைப்பு அவர் புண்ணியத்தில் கிடைத்தது.

முடிவு தெரிந்தவன்: கதையை முன்னாலேயே சொல்லிவிட்டால் உண்மையிலேயே சுவை போய்விடுமா? சும்மா ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் பெயரைப் பார்த்தாலே நீங்கள் யார் என்று புரிகிறது. உங்களுக்குச் சாதகமாக ஒரு ஆய்வு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள், சிறுகதைகளை முடிவைச் சொல்லிவிட்டுச் சிலருக்கும், சொல்லாமல் சிலருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் சராசரியாகக் கொஞ்சம் அதிகமாக ரசித்தார்களாம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் சில நேர்மாறாகவும் சொல்லியிருக்கின்றன, அதனால் ரொம்பத் துள்ளவேண்டாம்.

அதுவும்போக, அது பத்து நிமிஷத்தில் படித்து முடிக்கிற சிறுகதை. இங்கே ஒருத்தர் எட்டு மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறார், அந்த டைரி யார் கையில் கிடைக்கும் என்று. நீங்கள் சொல்லிவிட்டால் அவருக்கு வருகிற கோபம் சுவை போனதற்காக இல்லை. எல்லாருக்கும் முன்னால் "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்துகிற வாய்ப்பு அவருக்கு வரவேண்டியது, அதை நீங்கள் தட்டிப் பறித்துவிட்டீர்கள்.

சும்மா கேட்டேன்: தொடர்களுக்கு ஏன் சோப் என்று பெயர்?

1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் வந்த தொடர்களுக்குச் சோப்பு கம்பெனிகள்தான் காசு கொடுத்தன. துணி துவைத்துக்கொண்டே கேட்பார்கள், சோப்பையும் விற்றுவிடலாம் என்ற கணக்கு. அப்படி 1937-இல் வானொலியில் தொடங்கிய ஒன்று, 1952-இல் டிவிக்கு மாறி, 2009 வரை ஓடியது. 72 வருஷம்! நம் தொடரை இழுக்கிறார்கள் என்று புலம்புகிறவர்கள் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுக்கொள்ளலாம்.

மௌன வாசகி: அக்கா, என் கணவர் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. "திரையில் அழுகிற அந்தப் பெண்ணையும் நீ நேரில் பார்த்ததில்லை, குழுவில் பேசுகிறவர்களையும் பார்த்ததில்லை, ரெண்டும் ஒண்ணுதானே?" என்கிறார். நாங்கள் பேசுவதும் பாதிக்கு மேல் டிவியைப் பற்றித்தான். இது நட்பா, பொழுதுபோக்கா?

உங்கள் கணவர் கேட்டதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், படித்தவர்களே உட்கார்ந்து யோசித்த கேள்விதான் அது. 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு பேர் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். டிவியில் தினமும் வருகிற ஒருவரைப் பார்த்துப் பார்த்து, அவரை நமக்குத் தெரியும், நம் வீட்டு ஆள் என்றே தோன்றிவிடும், ஆனால் அது ஒருவழிப் பாதை, அவருக்கு நம்மைத் தெரியாது என்பதுதான் சாரம். திரையில் அழுகிற பெண்ணுக்காக நீங்கள் எவ்வளவு அழுதாலும் அவள் திரும்பி "நீ ஏன்டி அழற?" என்று கேட்கமாட்டாள். குழுவில் இருக்கிறவள் கேட்பாள். கணவருக்குச் சொல்ல இந்த ஒரு வரி போதும்.

ஆனால் "டிவியைப் பற்றித்தான் பேசுகிறோம்" என்று ஏதோ குற்றம் மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன், ஒரு ராத்திரி. வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது, வில்லி மாடிப்படியில் இறங்கி வருகிறாள், அவள் இறங்கி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் குழுவில் ஒருத்தி வரிசையாக மூன்று வரி போட்டாள்.

"இவளுக்கு வேற வேலையே இல்ல"

"நாளைக்கு பயாப்ஸி ரிசல்ட்"

"அந்தத் தோடு போன வாரமும் போட்டிருந்தாளே"

நான் தோட்டுக்குப் பதில் எழுதினேன். ஆமாம், போன வாரம் மட்டுமில்லை, கல்யாணக் காட்சியிலும் அதேதான் என்று விலாவாரியாக. மற்றவர்களும் தோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் கழித்து, வேறு எதற்கோ மேலே தள்ளிப் பார்க்கும்போதுதான் நடு வரி கண்ணில் பட்டது. எனக்கு உடம்பே சில்லிட்டுவிட்டது. என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன், அவள் பக்கத்தில் 'டைப் செய்கிறார்' என்று ரொம்ப நேரம் காட்டியிருக்கும். கடைசியில் "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டேன். "பதினொண்ணு" என்று வந்தது. அவ்வளவுதான், அவளும் மேலே பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குப் பார்க்கிறேன், ஆறு பேரும் இருக்கிறோம். வேலை நாள், ஒருவருக்கு விடிந்தும் விடியாத நேரம், யாரும் யாரையும் கூப்பிடவில்லை. என்ன பேசினோம் என்கிறீர்கள்? தோடு. அது ஒரே ஜோடியா, இல்லை ஒரே மாதிரி இரண்டு ஜோடியா என்று பழைய எபிசோடில் இருந்தெல்லாம் படம் பிடித்துப் போட்டு ஒன்றேகால் மணி நேரம். அவள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "இடது காதுல கல்லு விழுந்திருக்கு பாருங்க" என்று எழுதினாள். அப்புறம் கொஞ்ச நேரம் காணோம். அப்புறம் "ஒண்ணுமில்லையாம், சாதாரணக் கட்டிதான்" என்று வந்தது.

அவளை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. அன்றைக்கு "உன் உடம்பைப் பற்றிப் பேசலாம் வா" என்று நான் கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள் என்பது மட்டும் நிச்சயம். இப்போதெல்லாம் யாராவது மூன்று வரி சேர்த்துப் போட்டால் நடு வரியை இரண்டு தடவை படிக்கிறேன்.

ஒரு சந்தேகம்: நான் பத்து வரி எழுதினால் ஒரு தோழி "ம்" என்று மட்டும் போடுகிறாள். கோபமா?

"ம்" என்றால் படித்தேன். "ம்ம்" என்றால் படித்தேன், யோசிக்கிறேன். "ம்ம்ம்" என்றால் எதிர்க்கருத்து இருக்கிறது, ஆனால் இப்போது வேண்டாம். "சரி" என்றால் சரி. "சரி சரி" என்றால் பேச்சை நிறுத்து. "சரிங்க" என்று திடீரென்று மரியாதை வந்தால்தான் பயப்படவேண்டும்.

எழுத்தில் குரல் கேட்காத தொல்லை இன்று நேற்று வந்ததில்லை. 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினியில் எல்லாரும் படிக்கிற அறிவிப்புப் பலகையில் எழுதுகிற வேடிக்கையை நிஜம் என்று நினைத்துச் சிலர் சண்டைக்கு வர, ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் வேடிக்கை என்றால் முக்கால் புள்ளி, சின்னக் கோடு, அடைப்புக்குறி இந்த மூன்றையும் சேர்த்துப் போடுங்கள் என்று யோசனை சொன்னார். சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம். அதிலிருந்து எங்கேயோ வந்துவிட்டோம், இன்றும் "ம்" புரியவில்லை. அவளையே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஒரு கையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

என்ன சொன்னா?: வசனம் காதில் விழுவதே இல்லை, பின்னணி இசை மட்டும் வீட்டைத் தூக்குகிறது. குழுவில் கேட்டுக் கேட்டு எனக்கு இந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

காது மேல் பழி போடாதீர்கள். டிவி தட்டையாகத் தட்டையாக ஸ்பீக்கருக்கு இடமே இல்லாமல் போய், சத்தம் கீழே பார்த்தோ பின் சுவரைப் பார்த்தோ வருகிறது. இன்னொன்று, பல ஸ்பீக்கர்களுக்கென்று கலந்த ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்களிடம் இருப்பது இரண்டுதான் என்றால் எல்லாம் அதிலேயே அமுங்கிவிடும். அமைப்புகளுக்குள் போய் ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், இரவு முறை, வசனத் தெளிவு என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் போட்டுப் பாருங்கள், இரவு முறை உரக்க வருவதை இறக்கி மெல்ல வருவதை ஏற்றும். எதுவும் சரிவரவில்லையா, சப்டைட்டில் இருக்கவே இருக்கிறது. ஆனால் அதில் வசனம், பேசுகிறவர் பேசி முடிப்பதற்கு முன்பே வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் நீங்கள்தான் "ஐயையோ" போடுகிற ஆள்.

வணக்கம் போட்டாச்சு: எங்களைச் சேர்த்து வைத்த தொடர் முடிந்துவிட்டது. கடைசி நாள் எல்லாரும் அழுதோம். இப்போது குழுவில் ஈ ஆடவில்லை. வெறும் காலை வணக்கப் படங்கள்தான்.

முதலில் அந்தப் பூ வணக்கத்தை நிறுத்துங்கள். அதற்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை. புதுத் தொடர் தேடி அலையவும் வேண்டாம், ஆறு பேருக்கும் பிடித்த ஒன்று கிடைப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். முடிந்த தொடரையே முதல் எபிசோடில் இருந்து போடுங்கள். யார் சாகப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு முதல் நாள் அவர் சிரிப்பதைப் பார்ப்பது தனி அனுபவம், முடிவு தெரிந்தவனுக்கு இங்கே ஒரு மார்க் கொடுத்துவிடலாம். அதுவும் வேண்டாமென்றால், வாஷிங் மெஷின் நடுவில் நின்றுபோய்ப் பாதித் துணி தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டதை எழுதுங்கள். நாலு பேர் உடனே வருவார்கள், யோசனை சொல்லாமல் யாராலும் இருக்கமுடியாது.

இன்னொரு காரியம், இன்றைக்கே செய்யுங்கள். எல்லாருடைய போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாம் அரட்டை அடிக்கிற இடமே ஒருநாள் மூடிப்போகலாம். ஆர்குட் என்ற நட்புத் தளம் 2004-இல் வந்து 2014 செப்டம்பரோடு போனது. 1998-இல் வந்த யாகூ மெசஞ்சரை 2018 ஜூலையில் மூடினார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மூடினார்கள், ஆனால் அந்த மாதம் யார் ஊரில் இல்லையோ, யாருக்குக் கைக்குழந்தையோ, அவர்கள் தொலைந்தது தொலைந்ததுதான். இரண்டு பேரை நான் இன்னும் தேடுகிறேன், அவர்களுடைய பட்டப்பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

குடும்பத் தகராறு: ரிமோட் யார் கையில் இருக்கவேண்டும்?

1950-இல் வந்த ஆரம்பகால ரிமோட் ஒன்றுக்கு வால் மாதிரி ஒயர் உண்டு, கூடத்தில் நடக்கிறவர்கள் அதில் தடுக்கி விழுந்தார்கள். 1955-இல் ஒளியில் வேலை செய்கிற மாதிரி ஒன்று செய்தார்கள், ஜன்னல் வழியாக வெயில் பட்டாலே சேனல் மாறிவிடுகிறது என்று புகார் வந்தது. அந்தக் காலத்தில் வெயிலிடம் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாரிடம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் தலையிடமாட்டேன்.

மிச்சக் கேள்விகள் அடுத்த இதழில். குழுவில் "ரெடியா?" வந்துவிட்டது, ஐந்து பேர் முதல் காட்சியில் நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள்.