பம்பைமடுவில் படிப்பும் பொறுப்பும்: கேள்வி பதில்

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இரண்டு வருடங்கள் மாணவர் சங்கமொன்றின் செயலாளராக இருந்தேன். புதிதாக அனுமதி பெற்றவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்த அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

அக்கா, நான் ஒட்டுசுட்டானிலிருந்து வருகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. சங்கத்தில் எனக்கு இடமிருக்குமா?

நிச்சயமாக இருக்கிறது, தங்கச்சி. நானும் பாடசாலையில் வாய் திறக்காதவள்தான். எனக்குக் கிடைத்த முதல் வேலை கூட்டக் குறிப்பு எழுதுவது. யார் என்ன சொன்னார், எது முடிவாயிற்று, யார் எந்தத் திகதிக்குள் எதைச் செய்து முடிப்பதாக ஏற்றார் என்று பிரித்து எழுதத் தொடங்கியபோதுதான், பலர் பேசும் இடத்தில் பேச்சின் சாரத்தைப் பிடிக்கப் பழகினேன். எங்கள் வளாகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் சேர்ந்து படிக்கிறோம். ஆகவே என் குறிப்பை அனுராதபுரத்துத் தோழி ஒருத்தி சிங்களத்தில் எழுத, இரண்டையும் அடுத்த கூட்டத்தில் வாசிப்போம். ஒருமுறை “முயற்சிப்போம்” என்று நான் எழுதியது அவளுடைய குறிப்பில் “செய்வோம்” என்றாகி, அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அன்றிலிருந்து, கூட்டம் கலைவதற்கு முன்பே முடிவுகளை இரு மொழிகளிலும் உரக்க வாசித்து, எல்லோருடைய சம்மதத்தையும் பெற்றோம். விரிவுரை மண்டபத்தில் எனக்கு எவரும் கற்பிக்காத பாடம் அது. நீங்களும் இப்படியொரு சிறிய வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை, என் மகள் முதலாம் வருடம். கூட்டம், விழா என்று அலைந்தால் படிப்புக் கெடாதா?

கெடக்கூடும், அம்மா, அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் வருடத்தில் மூன்று பொறுப்புகளை ஒன்றாக ஏற்றதால், ஒரு பாடத்தில் மீள்பரீட்சை எழுத நேர்ந்தது. வரவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கே இருக்கவிடாத பாடங்கள் உண்டு என்பதால், ஒரு வருடத்தில் ஒரு பொறுப்பு போதும் என்று மகளிடம் சொல்லுங்கள். வெளியே தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகள் மன்னார் வீதியில் இருட்டுக்கு முன் பேருந்து பிடிக்க வேண்டும். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்குள் முடிக்குமாறு அவர்கள் தயங்காமல் கேட்கலாம். நாங்கள் அப்படிக் கேட்டுத்தான் நேரத்தை மாற்றினோம்.

சிரேஷ்டர்கள் சொல்வதைச் செய்யாவிட்டால் பதவி கிடைக்காது என்கிறார்களே?

அடிபணிந்து பெறும் பதவி உங்களுக்கு வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை, அதாவது மூத்த மாணவர்கள் புதியவர்களை அச்சுறுத்தித் துன்புறுத்துவது, குற்றமாகும். அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பிலிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கனிஷ்ட மாணவர்கள் உங்களிடம் அச்சமின்றிக் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள்.

இதெல்லாம் வேலை கிடைக்க உதவுமா?

சான்றிதழ் மட்டும் பெரிதாக உதவாது. நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டது, இரத்ததான முகாமுக்குச் சேர்த்த பணத்தை எப்படிக் கணக்குக் காட்டினீர்கள் என்பதே. பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக ஒட்டி, சிரேஷ்ட பொருளாளராக இருந்த விரிவுரையாளரிடம் கையொப்பம் பெற்ற முறையை விளக்கினேன். அதன் பிறகு பதவியின் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை.