சின்னவனை லாரிக்குப் பின்னால் நிறுத்தாதே

கேள்வி: புதுவயல் பக்கம் ஒரு அரிசி மில்லில் வேலை பார்க்கிறேன். வயது 22. அப்பா இல்லை, அம்மா, நான், ஒரு தம்பி. கார் லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாக மில்லின் 16 டன் லாரியை ராத்திரியில் நான்தான் ஓட்டுகிறேன். காரைக்குடிக் கடைகளுக்கு மூட்டை இறக்கிவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடுவேன். ரிவர்ஸ் எடுக்கப் பிரச்னை இல்லை, தம்பி கூட வருவான், பிளஸ் ஒன் படிக்கிறான், பின்னால் நின்று டார்ச் அடிப்பான். இப்போது ஹெவி லைசென்ஸ் எடுத்து, வெளிமாநிலம் போகிற நேஷனல் பெர்மிட் வண்டிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இங்கே ஒரு டிரைவிங் ஸ்கூலில், "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, டெஸ்ட் அன்னைக்கு வந்தா போதும்" என்கிறார்கள். கூட்டாளி ஒருவன் நாமக்கல்லில் தங்கிப் படி என்கிறான். அங்கே போனால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். எதில் சேரலாம்?

பெயர் வேண்டாம், புதுவயல்

பதில்: எந்த ஸ்கூல் என்பதற்குப் பிறகு வருகிறேன், தம்பி. திருமயம் பக்கம் டிப்பர் ஓட்டுகிற பிள்ளைகள், தேவகோட்டையில் செங்கல் லோடு அடிக்கிற பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் இதே கேள்வியை எழுதிவிட்டார்கள். ஓட்டத் தெரியும், லைசென்ஸ்தான் இல்லை என்பார்கள். அதற்கென்று ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. உனக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், போகிற போக்கில் நீ எழுதிய அந்த ஒரு வரி: "தம்பி பின்னால் நின்று டார்ச் அடிப்பான்."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. நடுராத்திரி. கொப்புடையம்மன் கோயில் பக்கம், கல்லுக்கட்டி பக்கம் கடை வாசல்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை, நடுவில் கரண்டு கம்பம். அங்கே மூட்டை ஏற்றிய 16 டன் வண்டி பின்னால் வருகிறது, அதற்கும் சுவருக்கும் நடுவில் அவன் நிற்கிறான். நீ கேபினில் இருக்கிறாய். உன் இரண்டு கண்ணாடியிலும் வண்டியின் இரண்டு ஓரம்தான் தெரியும். நேர் பின்னால் என்ன இருக்கிறது என்பதை லோடு பாடி மறைத்துவிடும். டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் பட்டால் உனக்குக் கண் கூசும், தெரிந்துகொண்டிருந்த ஓரமும் போய்விடும். என்ஜின் சத்தத்தில் அவன் "ஓல்டான்" என்று கத்துவது உன் காதில் விழுவதற்கு என்ன உத்தரவாதம்? அவன் கால் ஒரு கல்லில் இடறினால் உனக்கு யார் சொல்வார்கள்?

இதை நீ பிரச்னை இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன்தான் அப்பா. நம் பக்கத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவனைப் படிக்க வைக்கிற பொறுப்பு உன்னுடையது. ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்குப் பின்னால் நின்றவன் காலையில் ஒன்பதரை மணி வகுப்பில் எந்தக் கண்ணோடு உட்காருவான்? உன் அம்மா அவனை உன்னோடு அனுப்புவது, அண்ணன் கூடத்தானே போகிறான் என்ற நம்பிக்கையில்.

பின்னால் ஆள் நிறுத்தி வண்டி எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. நிற்கிறவர் ஓட்டுநர் பக்கம், வண்டிக்குச் சற்றுத் தள்ளி, கண்ணாடியில் முழு ஆளாகத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருநாளும் நிற்கக்கூடாது. கண்ணாடியில் அவர் மறைந்த அடுத்த நொடி வண்டி நிற்க வேண்டும்; இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ரிவர்ஸ் போட வேண்டும். நல்ல ஸ்கூலில் இதையெல்லாம் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு வருஷம் ஓட்டியும் இது உனக்குத் தெரியவில்லை. அப்புறம் எப்படி ஓட்டத் தெரியும் என்கிறாய்?

அடுத்தது சட்டம். கார் லைசென்ஸ் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்குத்தான் செல்லும். அந்த எடைக்குள் சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது. உன் மில் வண்டி 16 டன். பிடிபட்டால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய உனக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ. ஓட்டக் கொடுத்த முதலாளிக்கும் அதே அளவு. பெரிய கவலை அதுவல்ல. ஒரு ஆளின் மேல் மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, செல்லாத லைசென்ஸைக் காட்டி அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கலாம். அன்றைக்கு உன் முதலாளி என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தாயா? "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்று ஒரு வார்த்தையில் கை கழுவினால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கப்போவது உன் அம்மா.

இன்னொன்றும் கேட்கிறேன், எனக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. சின்னவன் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கிறானா? ஆசைப்பட்டான் என்று ரோட்டில் கொஞ்ச தூரம் கொடுத்திருக்கிறாயா? 18 வயது ஆகாதவன் ஓட்டிப் பிடிபட்டாலே பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது. உனக்கு 20 வயதிலேயே கிடைத்ததை அவனுக்கு 25 வரை இல்லாமல் செய்துவிடாதே.

இனி ஸ்கூல். டெஸ்ட் அன்று மட்டும் வந்தால் போதும் என்று சொன்ன இடத்தை இப்போதே மறந்துவிடு. சரக்கு வண்டிக்கான பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. நீ எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்பதை ஃபாரம் 15-இல் எழுத வேண்டும்; அதன் பிறகுதான் பயிற்சி முடித்ததற்கான ஃபாரம் 5 சான்றிதழ். உன்னை வராதே என்கிறவர் அந்த இரண்டு தாளிலும் பொய் எழுதப்போகிறார் என்று அர்த்தம். உன் தொழிலின் முதல் தாளே பொய்யாக இருக்க வேண்டுமா?

நம் செட்டிநாட்டுப் பெரியவர்கள் வட்டிக்கடைத் தொழிலுக்காகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிள்ளைகளை அனுப்பியபோது, போனதும் கல்லாச் சாவியைக் கொடுத்துவிடவில்லை. எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள், பிறகு உதவிக்கு நிற்கும் அடுத்தாள், அதற்கும் பிறகுதான் பொறுப்பு. இந்தக் கோட்டைபோன்ற வீடுகள் அந்தப் பொறுமையில் எழும்பியவை. உன் கையில் இருப்பது உயிர்க் கணக்கு. முப்பது நாள் உனக்கு அதிகமாகத் தெரிகிறதா?

நேஷனல் பெர்மிட் என்று எழுதியிருக்கிறாய். நீ ஓட்டியதெல்லாம் புதுவயலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில், மேடும் பள்ளமும் இல்லாத மண்ணில். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க அங்கே நியூட்ரலில் இறங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழு லோடையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். டிரம் சூடேறி, லைனிங் பிடி விட்டு, நீ மிதிக்க மிதிக்க வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இறக்கத்துக்கு எந்த கியர், என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கை எப்போது போடுவது, காலையில் ஏர் பிரஷர் ஏறும் முன் வண்டியை ஏன் நகர்த்தக்கூடாது, தார்ப்பாய்க் கயிற்றை எப்படி முடிவது, உள் டயரில் காற்று இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, இவை எதையும் டெஸ்ட் அன்று ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது சில நிமிஷம். தொப்பூரில் உன்னோடு அவர் வரமாட்டார்.

நாமக்கல் போ. லாரித் தொழிலே மூச்சாக இருக்கிற ஊர் அது. அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அங்கே இருக்கிறது. அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் நடத்தும் பயிற்சி மையமும் உண்டு, ஆனால் உனக்குத் தூரம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென்று 2021-இல் தனி விதி வந்தது: கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் வகுப்பும் ஓட்டமும் சேர்த்து. அதில் தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. நீ சேரும் இடத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்டுக்கொள்.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் லாரியை நேரில் பார். பயிற்சி தருபவர் உட்காரும் பக்கம் அவர் காலுக்கும் பிரேக் இருக்க வேண்டும், அது விதி. இல்லையென்றால் திரும்பி வந்துவிடு. ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று கேள். பத்துப் பேர் ஏறி ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஓட்டுகிற இடத்தில் பதினைந்து மணி நேரம் எப்படிச் சேரும் என்று அவர்களிடமே கணக்குக் கேள். காலி வண்டியில் மட்டும்தானா, லோடு ஏற்றியும் ஓட்ட விடுவார்களா, ராத்திரிப் பயிற்சி உண்டா என்று கேள். ஏற்கெனவே படித்து முடித்த ஒருவனை டீக்கடையில் பிடித்து விசாரி. ஆபீஸில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதே.

ஒரு மாதச் சம்பளம் பற்றிச் சொல்கிறேன். ஹெவி டிரைவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை உன் முதலாளி உனக்குக் கொடுத்தாரா? உன் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு வருஷம் லைசென்ஸ் இல்லாத பிள்ளையை வைத்து ஓட்டி, அந்தப் பிள்ளையின் தம்பியையும் கூலி இல்லாத கிளீனராக வைத்துக்கொண்ட மனிதர், அந்த ஒரு மாதத்தைத் தர வேண்டியவர். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேள். கைகட்டி நின்று கேட்காதே, உட்கார்ந்து பேசு. அட்வான்ஸாகத் தந்தாலும் வாங்கு, எழுதி வாங்கு. மாட்டேன் என்றால் நீ அங்கே திரும்பிப் போகவும் தேவையில்லை. கையில் ஹெவி லைசென்ஸ் இருக்கிறவனுக்கு மில்லும் வண்டியும் இந்த வட்டாரத்திலேயே எத்தனையோ இருக்கின்றன. அம்மாவின் நகையை மட்டும் இதற்காகத் தொடாதே.

கார் லைசென்ஸ் ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் நாளைக்கே ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போடலாம். டாக்டரிடம் ஃபாரம் 1ஏ மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொள். கண்ணை உண்மையாகவே பரிசோதித்துக்கொள், கையெழுத்து மட்டும் வாங்கி வராதே. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அது கையில் இருக்கிறது என்பதற்காக மில் வண்டியை எடுக்காதே. ஹெவி லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால்தான் அது செல்லும்.

இந்தப் பதில் உன் கைக்கு வருகிற அன்று ராத்திரியும் மூட்டை ஏற்றி வைத்திருப்பார்கள். லைசென்ஸ் உள்ள ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளியிடம் சாயங்காலமே சொல்லிவிடு. சின்னவனிடமும் நீயே சொல், அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதே.